தலைகீழாக நின்ற விலங்கு: பழம்புதைபடிவங்களின் வகைப்பாடு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விநோத விலங்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து கதை கேட்க வேண்டும்.

"போன முறை இதை மீன் வகை என்றார்கள், இப்போது மீன் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் கல்லில் என்னதான் இருக்கிறது?"

கல்லில் இருப்பது மாறவில்லை. ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில், ஒட்டிய எண்ணோடு, எடுத்துவந்த நாளில் இருந்தபடியே கிடக்கிறது. மாறுவது அதன் சொந்தபந்தம் பற்றிய கணிப்பு. கல்யாண வீட்டில் தெரியாத ஒருவரைப் பார்த்தால் "இவர் யாருக்கு என்ன முறை?" என்று கேட்போமே, வகைப்பாடும் அதுதான். முகச்சாயலை வைத்து மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி என்று நினைப்போம். பேச்சுக் கொடுத்த பிறகு பெண்ணுக்குத் தாய்மாமன் வழி என்று தெரியவரும். ஆள் அதே ஆள்தான்.

50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. கால் எத்தனை, கண் எங்கே, வாயைச் சுற்றி என்ன இருக்கிறது, குடல் நேராகப் போகிறதா வளைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உறவைக் கணிக்க வேண்டும். புதிதாகக் கிடைக்கும் ஒரு மாதிரியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கால் நகம் தெரிந்தால் போதும், முழு உறவுமுறையும் புரண்டுவிடும்.

முதல் முறையே சரியாகச் சொல்ல ஏன் முடிவதில்லை?

எலும்பு, ஓடு, பல் போன்ற கெட்டியான பாகங்கள் கல்லில் எளிதாகத் தங்கும். இங்கே நாம் பேசப்போகும் விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை எதுவும் கிடையாது. சேற்றில் புதைந்து, மேலே மேலே சேறு ஏறி, அப்பளம் போல நசுங்கி, ஒரு கரும்படலமாக மிஞ்சியவை அவை. முதுகும் வயிறும் ஒரே தளத்தில் ஒட்டிக் கிடக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று சொல்வது லேசான காரியம் இல்லை. உடல் முழுசாகப் புதைவதும் அரிது. கை ஓரிடம், வாய் ஓரிடம், தோல் ஓரிடம் என்று சிதறிய பிறகுதான் சேறு மூடும்.

இவை எல்லாவற்றையும் விட அழுகல் செய்யும் குழப்பம்தான் பெரிது. 2010-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராப் சான்சம், சாரா கேபட், மார்க் பர்னெல் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் குஞ்சுகளையும், மீன்களுக்குத் தூரத்து உறவான ஆம்ஃபியாக்சஸையும் வேண்டுமென்றே அழுகவிட்டு, எந்தப் பாகம் எப்போது கரைகிறது என்று கட்டம் கட்டமாகக் குறித்திருந்தார்கள். இன்ன வகை என்று துல்லியமாகச் சொல்ல உதவும் அடையாளங்கள்தான் முதலில் கரைந்தன. முதுகுநாண் (முதுகெலும்புக்கு முன்னோடியாக முதுகில் ஓடும் வளையும் தண்டு), தசைக் கட்டுகள் போன்ற பொது அடையாளங்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தன. அதாவது, பாதி அழுகிய பிறகு கல்லான ஒரு மீன், மீனுக்கும் முந்தைய ஏதோ எளிய விலங்கு போலத் தோன்றும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒரு வேலை, பல பழைய முடிவுகளை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது.

தலைகீழாக வரையப்பட்ட விலங்கு ஒன்று உண்டு என்கிறார்களே, அது எது?

ஹாலுசிஜீனியா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், 1909-இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் டூலிட்டில் வால்காட் கண்டுபிடித்த பர்ஜஸ் ஷேல் பாறையிலிருந்து வந்தது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 50.8 கோடி ஆண்டுகள். விலங்கின் நீளம் சில சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

வால்காட் 1911-இல் இதை ஒரு முடிப்புழு என்று எண்ணி, இன்னொரு புழுவின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். 1977-இல் கேம்பிரிட்ஜின் சைமன் கான்வே மோரிஸ் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இது எந்தப் புழுவோடும் ஒட்டவில்லை என்று கண்டார். ஒரு பக்கம் விறைப்பான கூர்முட்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. மறுபக்கம் ஒற்றை வரிசையில் மெல்லிய குழல்கள். ஒரு முனையில் கறுப்பாக ஒரு திட்டு. ஜோடியாக இருப்பவைதானே கால்களாக இருக்க முடியும்? அதனால் முட்கள் கால்கள் என்றும், குழல்கள் முதுகில் ஆடும் உணர்கொம்புகள் என்றும், கறுப்புத் திட்டு தலையாக இருக்கலாம் என்றும் வரைந்தார். பொய்க்கால் கட்டிக்கொண்டு நிற்பது போன்ற உருவம். கனவில் வருவதுபோல் இருக்கிறது என்று, மாயத்தோற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹாலுசிஜீனியா என்று பெயரும் வைத்தார்.

அவர் கையில் இருந்த சான்றுகளுக்கு அது நேர்மையான வாசிப்பு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிற்பாடு பலர் இதைக் கேலிக்கதையாக்கிவிட்டார்கள். ஜோடி இல்லாத குழல்களைக் கால் என்று எழுதியிருந்தால் அதுதான் ஆதாரமில்லாத கற்பனையாகியிருக்கும்.

திருப்பம் சீனாவிலிருந்து வந்தது. யுன்னான் மாகாணத்தின் செங்ஜியாங் பாறைகளில், மென்மையான கால்களும் முதுகில் ஜோடித் தகடுகளும் கொண்ட புழு போன்ற விலங்குகள் முழு உடலோடு கிடைத்தன. அவற்றைப் பார்த்த லார்ஸ் ராம்ஷோல்டும் ஹோ ஷியான்குவாங்கும் 1991-இல், ஹாலுசிஜீனியாவைத் திருப்பிப் போடுங்கள் என்றார்கள். முட்கள் முதுகில் இருந்த தற்காப்பு, குழல்கள்தான் கால்கள். அப்படியானால் ஜோடியின் மற்ற வரிசை எங்கே? அடுத்த ஆண்டு ராம்ஷோல்ட் பர்ஜஸ் ஷேல் கல்லையே எடுத்து, மேல்படலத்தை நுணுக்கமாகக் குடைந்து பார்த்தார். முதல் வரிசைக்கு அடியில் இரண்டாவது வரிசைக் கால்கள் இருந்தன. அத்தனை காலமும் ஒரு மெல்லிய கல் ஏட்டுக்குக் கீழே அவை மறைந்திருந்தன.

அப்போதும் எந்தப் பக்கம் தலை என்று முடிவாகவில்லை. 2014-இல் மார்ட்டின் ஸ்மித்தும் ஜேவியர் ஒர்டேகா-ஹெர்னாண்டஸும் கால் நகங்களை உற்றுப் பார்த்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்த தம்ளர்கள் போல, கூம்புக்குள் கூம்பாக அடுக்கு இருந்தது. இன்று உயிரோடிருக்கும், மெத்தென்ற தோலும் குட்டைக் கால்களும் உள்ள வெல்வெட் புழுக்களின் நகங்களிலும் தாடைகளிலும் இதே அடுக்கு உண்டு. 2015-இல் ஸ்மித்தும் ஜான்-பெர்னார்ட் கரோனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தக் கறுப்புத் திட்டு தலையே அல்ல என்று தெரிந்தது. புதைந்து நசுங்கும்போது உடலுக்குள்ளிருந்து பின்பக்கமாகப் பிதுங்கி வழிந்த திரவத்தின் கறை அது. எதிர்முனையைச் சுத்தம் செய்து பார்த்தால் ஒரு ஜோடி சிறு கண்கள், வாயைச் சுற்றி ஒரு வளையம், தொண்டையில் ஊசிப் பற்கள்.

இந்த வெல்வெட் புழுக்கள் நமக்கு ரொம்பத் தூரமும் இல்லை. அருணாச்சலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911-இல் பிடிபட்ட ஓர் இனம், நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, அண்மையில் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டது.

மூன்று விலங்குகள் சேர்ந்து ஒரே விலங்கானது உண்மையா?

உண்மை. அந்த விலங்கு அனோமலோகாரிஸ், அந்தக் காலக் கடலின் பெரிய வேட்டைக்காரன்.

1892-இல் ஜோசப் வைட்டீவ்ஸ் என்ற கனடிய ஆய்வாளர், ஸ்டீபன் மலையில் கிடைத்த வளைந்த, கணுக்கணுவான துண்டுகளை இறாலின் உடல் என்று நினைத்தார். தலை மட்டும் எந்த மாதிரியிலும் இல்லை. 'விநோத இறால்' என்று பொருள்படும்படி அனோமலோகாரிஸ் என்று பெயரிட்டார். வால்காட் 1911-இல் பர்ஜஸ் ஷேலிலிருந்து ஒரு வட்டமான புதைபடிவத்தை எடுத்தார். அன்னாசிப் பழத்தைக் குறுக்கே வெட்டி நடுத்தண்டை நீக்கிய வில்லை போல இருந்தது. அதை ஜெல்லிமீன் என்று எண்ணி பெய்டோயியா என்று பெயரிட்டார். அதே ஆண்டு தெளிவில்லாத ஒரு நீள உடலைக் கடல் அட்டை என்று கருதி லகானியா என்றார். ஆக, ஒரு தலையில்லா இறால், ஒரு ஜெல்லிமீன், ஒரு கடல் அட்டை. மூன்றும் தனித்தனியே புத்தகங்களில் ஏறி எழுபது ஆண்டுகள் குடியிருந்தன.

1979-இல் டெரெக் பிரிக்ஸ், இறால் உடலில் இருக்க வேண்டிய குடல் எந்த மாதிரியிலும் இல்லையே என்று கவனித்தார். இது உடலாக இருக்காது, ஏதோ பெரிய விலங்கின் கை என்றார். அடுத்து ஹாரி விட்டிங்டன் ஒரு கல்லைச் செதுக்கத் தொடங்கினார். பல் மருத்துவர் கையில் இருப்பது போன்ற சிறு அதிர்வு ஊசியால், நுண்ணோக்கிக்கு அடியில், துகள் துகளாகக் கல்லை நீக்கும் வேலை. ஓர் உடலின் முன்புறத்தில் 'இறால்' வெளிப்பட்டது. இன்னும் தோண்டினால் அதற்குப் பின்னாலேயே 'ஜெல்லிமீன்' வாயாக அமர்ந்திருந்தது. 1985-இல் விட்டிங்டனும் பிரிக்ஸும் முழு விலங்கையும் வெளியிட்டார்கள். இறால் என்றது இரை பிடிக்கும் கை, ஜெல்லிமீன் என்றது வட்ட வாய், கடல் அட்டை என்றது உடம்பு.

கதை அங்கேயும் நிற்கவில்லை. ஒட்டவைத்ததில் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டவைத்துவிட்டார்கள். ஒரே விலங்கு என்று சேர்த்தவற்றில் நெருங்கிய சொந்தமான இரண்டு விலங்குகள் கலந்திருந்தன என்று பிற்பாடு தெரிந்தது. 2012-இல் ஆலிசன் டேலியும் யான் பெர்க்ஸ்ட்ரோமும், அன்னாசி வில்லை வாய் பெய்டோயியாவுக்கே உரியது, அனோமலோகாரிஸின் வாய் வேறு அமைப்பு என்று காட்டினார்கள். அதனால் பெய்டோயியா என்ற பெயர் மறுபடி உயிர்பெற்றது, இந்த முறை ஜெல்லிமீனாக அல்ல. ஆஸ்திரேலியாவின் ஈமு விரிகுடாப் பாறையில் கிடைத்து 2011-இல் வெளியான கண் ஒன்றில் குறைந்தது 16,000 வில்லைகள் எண்ணப்பட்டன. கூட்டுக்கண் உள்ள இந்த விலங்கு கணுக்காலிகளின், அதாவது நண்டு, தேள், பூச்சிகளின் சொந்தம் என்பதற்கு அது பலமான சான்று.

இவை எல்லாம் சந்ததியே இல்லாமல் அழிந்த தனி வகைகள் என்று முன்பு படித்தோமே?

1970களிலும் 80களிலும் அப்படித்தான் சொன்னார்கள். காரணமும் இருந்தது. ஐந்து கண்களும், யானைத் துதிக்கை போன்ற குழலின் நுனியில் ஒரு கொடுக்கும் உள்ள ஒபபினியாவின் படத்தை விட்டிங்டன் 1972-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த கூட்டத்தில் காட்டியபோது, அறிஞர்கள் கூடியிருந்த அரங்கமே சிரித்துவிட்டதாம். அப்படி ஒன்றை இன்றுள்ள எந்த விலங்குத் தொகுதியில் கொண்டு போய் வைப்பது?

இப்போது வேறு விதமாகப் பார்க்கிறார்கள். இன்றைய கணுக்காலிகளுக்கு இருக்கும் எல்லா அடையாளங்களும் ஒரே நாளில் வந்திருக்காது. முதலில் கூட்டுக்கண், அப்புறம் கணுவுள்ள கை, அப்புறம் கெட்டியான உடல் ஓடு, அப்புறம் நடக்கும் கால் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த வழியில் பாதி அடையாளங்களோடு இருந்து, பக்கக் கிளையாகப் பிரிந்து, அழிந்துபோனவைதான் ஒபபினியாவும் அனோமலோகாரிஸும். வீட்டுக்குள் இல்லை, வீட்டுக்கு வரும் தெருவில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-இல் கிரஹாம் பட், சோரன் ஜென்சன் இருவரும் இந்தப் பார்வையை விரிவாக வாதாடினார்கள். என் கணிப்பில், தனித்தனிக் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும் விட இந்தப் பார்வை மாற்றம்தான் அதிக வேலை செய்திருக்கிறது. 'இது கணுக்காலியா இல்லையா?' என்ற கேள்வி போய், 'எவ்வளவு தூரம் கணுக்காலி?' என்ற கேள்வி வந்துவிட்டது.

பல் மட்டும் கிடைத்து, விலங்கே கிடைக்காத கதை ஒன்று உண்டாமே?

கோனோடோன்ட். 1856-இல் கிறிஸ்டியன் பாண்டர் விவரித்த, மணல் துகள் அளவிலான பல் போன்ற பொருட்கள். அவர் அவற்றை மீன் பற்கள் என்றார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, புழுவின் தாடை, மெல்லுடலியின் பாகம், கணுக்காலியின் பாகம், தாவரம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கும் பொருளாக இவை இருக்கவில்லை. பாறையின் வயதைச் சொல்ல உலகம் முழுவதும் பயன்பட்டன. சூடு ஏற ஏற வெளிர்மஞ்சளிலிருந்து கறுப்புவரை நிறம் மாறுவதால், பாறை எவ்வளவு வெந்திருக்கிறது, எண்ணெய் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும் பயன்பட்டன. பல்லை வைத்து எண்ணெய் தேடியவர்களுக்கு அது யாருடைய பல் என்று தெரியாது.

1973-இல் விடை கிடைத்துவிட்டது போல இருந்தது. அமெரிக்காவின் மான்டானாவில் உள்ள பேர் கல்ச் சுண்ணாம்புப் பாறையில், வயிற்றுப் பகுதியில் கோனோடோன்ட்டுகளோடு ஒரு விலங்கு கிடைத்தது. இதுதான் அது என்று அறிவித்தார்கள். கடைசியில் அந்த விலங்கு கோனோடோன்ட்டுகளைத் தின்ற விலங்கு என்று தெரிந்தது! பற்கள் அதன் சாப்பாட்டு மிச்சம்.

உண்மையான விலங்கு ஓர் இழுப்பறையில் காத்திருந்தது. எடின்பரோவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பில், பழைய இறால் படிவங்களைத் தேடிக்கொண்டிருந்த யுவான் கிளார்க்சன், கிரான்டன் கடற்கரையிலிருந்து எப்போதோ எடுத்துவரப்பட்ட ஒரு கல்லில் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள மென்மையான உடலைக் கண்டார். தலைப்பக்கம் கோனோடோன்ட் பற்கள், அவை இருக்க வேண்டிய இடத்தில். 1983-இல் பிரிக்ஸ், கிளார்க்சன், ரிச்சர்ட் ஆல்டிரிட்ஜ் மூவரும் வெளியிட்டார்கள். பின்னர் கிடைத்த மாதிரிகளில் கண்களும், வி வடிவத் தசைக் கட்டுகளும், முதுகுநாணும் தெளிவாயின. தாடையில்லாத ஆதி முதுகெலும்பி என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. ஆக, பாண்டர் முதலில் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

அந்தத் தின்ற விலங்குக்கு என்ன ஆனது? டிப்லோயீசஸ் என்ற பெயரோடு, எங்கும் சேர்க்க முடியாமல் அரை நூற்றாண்டு கிடந்தது. 2022-இல் கான்வே மோரிஸும் கரோனும் அதற்குள் அரம் போன்ற ஒரு பல்வரிசையைக் கண்டு, நத்தை போன்ற மெல்லுடலிகளோடு சேர்க்கலாம் என்றார்கள்.

வகை மாறினால் பெயரும் மாறுமா?

பெரும்பாலும் மாறாது. விலங்குப் பெயரிடலில் முதலில் முறையாக வைத்த பெயருக்கே முன்னுரிமை. பொருள் பொருந்தவில்லை என்பது பெயரை நீக்கக் காரணமாகாது. 1834-இல் ரிச்சர்ட் ஹார்லன் 'பல்லி அரசன்' என்று பொருள்படும்படி பேசிலோசாரஸ் என்று பெயரிட்ட விலங்கு உண்மையில் திமிங்கலம். ரிச்சர்ட் ஓவன் சில ஆண்டுகளிலேயே இதைக் கண்டுபிடித்து வேறு பெயரும் சொல்லிப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்தது. இறால் அல்லாத அனோமலோகாரிஸும் அப்படித்தான் விநோத இறாலாகவே இருக்கிறது.

இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

அண்மையில் நடந்தது பீம்பேட்காவில். அதற்கு முன் டிக்கின்சோனியா பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1946-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில் ரெஜ் ஸ்பிரிக் கண்டுபிடித்த புதைபடிவங்களில் ஒன்று அது. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் வரிவரியாகப் பிரியும் தட்டையான நீள்வட்டம். சில ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்தவை. ஜெல்லிமீன், புழு, பாசிக்காளான், ஒற்றைச் செல் இராட்சதன், அழிந்துபோன தனி உயிர் உலகம் என்று சொல்லப்படாத உறவே இல்லை. 2018-இல் இலியா பொப்ரோவ்ஸ்கியின் குழு, ரஷ்யாவின் வெண்கடல் பகுதிப் பாறையிலிருந்து 55.8 கோடி ஆண்டுப் பழமையான டிக்கின்சோனியாவின் படலத்தைச் சுரண்டி, வேதிச் சோதனை செய்தது. கிடைத்தது கொலஸ்ட்ராலின் எச்சம். பாசிக்காளானிலோ பாசியிலோ இப்படி இருக்காது. விலங்குதான் என்பதற்கு வடிவத்தைச் சாராத சான்று முதல்முறையாகக் கிடைத்தது.

இப்போது பீம்பேட்கா. 2020-இல் டெல்லியில் நடக்கவிருந்த பன்னாட்டுப் புவியியல் மாநாடு கொரோனாவால் நின்றுபோனது. முன்னரே வந்துவிட்ட சில ஆய்வாளர்கள், போபால் அருகே பாறை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற பீம்பேட்காவுக்குப் போனார்கள். அங்கே பெரிய குகையின் மேல்பாறையில் டிக்கின்சோனியா போன்ற வரிவரியான நீள்வட்டம் தெரிந்தது. கிரெகரி ரெட்டலாக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை அப்படியே அறிவித்தார்கள். உலகச் செய்தியானது. பீம்பேட்கா அமைந்திருக்கும் விந்தியப் பாறைகளின் வயது பற்றி நெடுநாளாக இருக்கும் விவாதமும் சூடுபிடித்தது. டிக்கின்சோனியா இருந்தால் பாறைக்குச் சுமார் 55 கோடி வயதுதான், ஆனால் வேறு அளவீடுகள் அதைவிட மிகப் பழையது என்று சொல்லியிருந்தன.

2022 கடைசியில் ஜோசப் மீர்ட்டின் குழு அதே இடத்துக்குப் போய், அண்ணாந்து பார்த்தது. அந்த 'விலங்கு' பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. கல்லுக்குள் பதிந்த எதுவும் அப்படி உரியாது. ஓரத்தில் தேன்கூட்டின் அறைகள் தெரிந்தன. பக்கத்திலேயே மலைத்தேனீக்களின் பெரிய கூடுகள் தொங்கின. உதிர்ந்துபோன தேனடையின் தடம் அது. 2023-இல் மீர்ட்டின் குழு இதை வெளியிட்டதும் ரெட்டலாக் தன் பிழையை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். இரண்டு ஆண்டுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்ட தன் கண்டுபிடிப்பைத் தானே விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிதல்ல.

தமிழ்நாட்டில்?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல். அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் மெல்லுடலியின் சுருள் ஓடுகள் வயலிலேயே கிடைக்கும் ஊர்கள் உண்டு. அந்தக் கடற்பாறைகளில் கிடைத்த எலும்புகளை 1979-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசர் என்று விவரித்தார்கள். முதுகில் தகடுகள் நிற்கும் ஸ்டெகோசார் வகை. பெயர் டிராவிடோசாரஸ். நம் பெயரைத் தாங்கிய டைனோசர் என்ற பெருமை ஒருபுறம் இருக்க, அறிவியலில் அதற்கு வேறு முக்கியத்துவம். மற்ற இடங்களில் ஸ்டெகோசார்கள் மறைந்து வெகுகாலம் ஆன பிறகு, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே மட்டும் ஒன்று வாழ்ந்தது என்று ஆகிவிடும்.

புதைபடிவ ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, ருத்ராவுடன் சேர்ந்து 1996-இல் மறுத்தார். அவை துடுப்புக் கால்கள் கொண்ட ப்ளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் இடுப்பும் பின்கால் எலும்புகளும் என்றார். கடற்பாறைக்குக் கடல் விலங்கு பொருத்தம்தானே. ஆனால் மண்டையோட்டுத் துண்டும் தகடும் ப்ளீசியோசாருக்கும் சரியாக ஒட்டவில்லை என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் சொன்னார்கள். இருப்பவை தேய்ந்த, முழுமையற்ற துண்டுகள். அதே மண்ணிலிருந்து இன்னொரு நல்ல எலும்புக்கூடு வரும்வரை எந்தப் பக்கமும் அடித்துப் பேச முடியாது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று படம் ஊரெல்லாம் பரவியது நினைவிருக்கலாம். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு முட்டை இல்லை என்றார்கள், அம்மோனைட்டோடு தொடர்புடைய படிவங்கள் என்று விளக்கினார்கள்.

இப்போதுள்ள கருவிகளால் இனிமேல் தவறே வராது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் கிடைத்த சாக்கோரைட்டஸ் நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 53.5 கோடி ஆண்டுப் பழமை, ஒரு மில்லிமீட்டர் அளவு, பெரிய வாய் உள்ள சுருங்கிய பை. 2017-இல், அதன் உடலில் இருந்த துளைகளைச் செவுள் திறப்புகளின் முன்னோடி என்று கொண்டு, நம்மையும் நட்சத்திரமீன்களையும் உள்ளடக்கிய பெருங்கிளையின் மிகப் பழைய உறுப்பினர் என்றார்கள். நம் ஆதி மூதாதை என்று செய்திகள் எழுதின. 2022-இல் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் வலிமையான எக்ஸ்-கதிர்களால் பல மாதிரிகளை முப்பரிமாணத்தில் பார்த்தபோது, துளைகள் என்றவை முறிந்துபோன முட்களின் அடிகள் என்று தெரிந்தது. தோல் உரித்து வளரும் விலங்குகளின் கிளைக்கு அது மாறிவிட்டது. நம் குடும்பத்திலிருந்து பூச்சிகள், உருளைப்புழுக்கள் பக்கம்.

ஐந்தே ஆண்டில் இந்தத் திருத்தம் நடந்தது. ஹாலுசிஜீனியாவுக்கு 1977-லிருந்து 2015 வரை ஆனது. கருவிகள் தந்தது இந்த வேகத்தை.

இன்னும் தீராத வழக்கு எது?

டல்லி மான்ஸ்டர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசான் க்ரீக் என்ற இடத்தில், பொழுதுபோக்காகப் புதைபடிவம் சேகரித்துவந்த ஃபிரான்சிஸ் டல்லி 1950களில் கண்டெடுத்தது. இரும்புத்தாதுக் கல் உருண்டையைச் சுத்தியலால் தட்டினால் தேங்காய் போல இரண்டாகப் பிளக்கும். உள்ளே கைநீளத்துக்கும் குறைவான ஓர் உடல். முன்னே நீண்ட குழல், குழலின் நுனியில் பற்கள் உள்ள இடுக்கி. உடலின் குறுக்கே ஒரு தண்டு, தண்டின் இரு முனையிலும் கண்கள். டல்லி அதைச் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார். அங்கிருந்த யூஜின் ரிச்சர்ட்சன் 1966-இல் அதற்கு டல்லிமான்ஸ்ட்ரம் என்று கண்டவரின் பெயரையே வைத்தார், எந்தத் தொகுதி என்று மட்டும் சொல்லாமல் விட்டார்.

சுமார் 31 கோடி ஆண்டுப் பழமையான இதில் மாதிரிக்குப் பஞ்சமே இல்லை, ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 2016-இல் ஒரு குழு, நடுவில் ஓடும் வெளிர்க்கோடு குடல் அல்ல, முதுகுநாண் என்றது. லாம்ப்ரேக்களின் சொந்தம், முதுகெலும்பி என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு கண்ணின் நிறமித் துகள்களைப் பார்த்து அதை ஆதரித்தது. அடுத்த ஆண்டே லாரன் சாலனும் மற்றவர்களும் மறுத்தார்கள். மேசான் க்ரீக்கில் புதைந்த உண்மையான மீன்களில் தெரியும் உறுப்புகள் இதில் ஏன் தெரியவில்லை, இதில் தெரிவதாகச் சொல்பவை அவற்றில் ஏன் தெரியவில்லை என்பது அவர்கள் கேள்வி. 2023-இல் ஜப்பானியக் குழு ஒன்று 153 மாதிரிகளை லேசரால் முப்பரிமாணத்தில் அளந்தது. உடலின் வளையக் கட்டுகள் கண்களுக்கு முன்னாலும் தொடர்வதைக் காட்டியது. எந்த முதுகெலும்பியின் தலையிலும் அப்படிக் கட்டுகள் ஓடுவதில்லை.

எனக்கு அந்தக் கடைசி வாதம் வலுவாகப் படுகிறது. ஆனால் முதுகெலும்பி இல்லையென்றால் வேறு என்ன என்பதற்கு அவர்களும் ஒரே விடை தரவில்லை. முதுகெலும்பில்லாத முதுகுநாணியாகவோ, வேறு ஏதோ கிளையின் விசித்திரமான உறுப்பினராகவோ இருக்கலாம் என்கிறார்கள். 1989-இலிருந்து அது இல்லினாயின் மாநிலப் புதைபடிவம். மேசான் க்ரீக் பக்கம் இன்றும் வார இறுதிகளில் ஆட்கள் வாளியும் சுத்தியலுமாகப் போய்க் கல் உருண்டைகளைப் பொறுக்கி வந்து உடைத்துப் பார்க்கிறார்கள்.